எலும்புக் கொலு

நான் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. முடி வெட்டுகிறவர் என் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்ட பிறகுதான் கத்தரியைக் கையில் எடுப்பார். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் ஒரு சட்டையும் அதற்கு மேல் கொஞ்சம் புகையும் இருக்கும். அந்தப் புகைதான் நான். "உயிரோட இருக்கச்சேயே ஆவியாயிட்டான்" என்று அப்பா அதை வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். இந்தக் குணத்தால் நான் எந்தப் பரீட்சையிலும் முதலில் வரவில்லை, எந்த உத்தியோகத்திலும் உருப்படவில்லை. ஆனால் என் முதுகு முழுசாக இருக்கிறது.

அக்காவுக்கு அது வாய்க்கவில்லை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அசையாமல் இருப்பதில் மைசூரில் அவளுக்கு ஈடு கிடையாது. நவராத்திரி வந்தால் அம்மா அவளுக்குக் கொண்டையைச் சாய்த்துப் போட்டு, மாலை சார்த்தி, கையில் ஒரு துணிக்கிளியைக் கொடுத்து, ஆண்டாளாகக் கொலுப்படிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பாள். வந்த பெண்கள் அவளை மண்பொம்மை என்று நினைத்துக் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண் இமைக்காது. அவள் மூக்கின் மேல் ஈ உட்கார்ந்து, முகம் கழுவி, எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அவள் ரவிக்கைக்குள் ஓர் எறும்பை விட்டேன். எறும்புதான் பயந்துபோய் வெளியே வந்தது.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தசரா என்றால் யானை ஊர்வலத்தைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. "பொம்பெ கூர்சிதீராம்மா?" என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். கொலு வைத்திருக்கிறீர்களா என்று அர்த்தம். அக்கறை பொம்மையின் மேல் இல்லை, கையில் விழப்போகும் சுண்டலின் மேல். அந்தச் சுற்றில் இரண்டு வீடுகளை நாங்கள் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். ஒன்று வக்கீல் மாமி வீடு, இன்னொன்று டாக்டர் மாமி வீடு. இரண்டு பேருக்கும் வருஷம் முழுக்க ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். நவராத்திரியில் மட்டும் பகை.

ஒரு வருஷம் வக்கீல் மாமி கொலுப்படியைச் சுற்றித் தண்டவாளம் போட்டுப் பொம்மை ரயில் விட்டாள். மின்சாரத்தில் ஓடுகிற ரயில். ஊரே அங்கே நின்றது. டாக்டர் வீட்டில் சுண்டல் மீந்தது. அப்படி ஓர் அவமானம் ஒரு குடும்பத்துக்கு வரக்கூடாது.

டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்தவர். பெரிய மீசை, பெரிய சிரிப்பு. வீட்டின் கீழ்க்கட்டிலேயே வைத்தியம் பார்த்தார். அங்கே ஓர் இருட்டறையில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருந்தார். குழந்தைகளைக் கண்டால் விட மாட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் சட்டையைத் தூக்கி, விலா எலும்பில் வீணை வாசிப்பார். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யார் என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அடுத்த நவராத்திரிக்கு டாக்டர் மாமி குங்குமச் சிமிழோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஒங்க பிள்ளையைச் சாயங்காலத்துல ஸ்வல்ப நேரம் எங்காத்துக்கு அனுப்புங்கோ" என்றாள் அம்மாவிடம்.

"இவனையா? எதையாவது ஒடச்சுடுவான், மாமி."

"ஒடைக்கட்டும். இவனுக்குத்தான் எலும்பு நன்னாத் தெரியறதாம். எங்காத்துல அவர் சொன்னார்."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நன்னாத்தான் சாப்படறான், மாமி. ஒடம்புல ஒட்ட மாட்டேங்கறது."

"அய்யோ, அதுக்கில்லை. ரயிலெல்லாம் பழசாயிடுத்து. மாடியில பொம்மையைப் பாத்துட்டு வரவாளைக் கீழே கூட்டிண்டு போய் மெஷின்ல ஒரு கொழந்தையை நிக்க வச்சு, உயிரோட எலும்பு, அடிச்சுக்கற இருதயம் எல்லாம் காட்டப்போறோம். லண்டன்லகூட இப்படிக் கொலு கெடையாதாம்."

"வலிக்குமோ?"

"வெளிச்சம் பட்டா வலிக்குமா? நெலா வெளிச்சம் மாதிரி. மேல தொடவே தொடாது."

அப்பா சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. டாக்டர் வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டதே அவருக்குப் பதவி உயர்வு மாதிரி இருந்தது. "கேக்கறாளே, அனுப்பு" என்றார்.

முதல் நாள் நான்தான் பொம்மை. அந்த அறையில் ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. பெண்கள் பட்டுப்புடவை சரசரக்க உள்ளே வந்து தரையில் போட்ட ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். கண் இருட்டுக்குப் பழகவேண்டும் என்று டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். மல்லிகைப்பூ வாசனை, மூக்குத்திகள், யார் காலை யாரோ மிதித்துவிட்ட முனகல். என்னை ஒரு முக்காலியில் ஏற்றி, முதுகுக்குப் பின்னால் கதிர் வருகிற ஒரு மரப்பெட்டி, மார்புக்கு முன்னால் ஒரு கண்ணாடித் திரை என்று நடுவில் நிறுத்தினார். மெஷின் பட்பட்டென்று பொரிந்தது. இடி விழுந்த இடத்தில் வருமே ஒரு வாடை, அது வந்தது. திரை பச்சையாக ஒளிர்ந்தது. அதில் நான்.

எல்லோரும் "பெருமாளே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. குனிந்து மண்டையோட்டைத் திரைக்குக் கொண்டுவந்து பல்லைக் கடகடவென்று அடித்தேன். நாக்கை நீட்டினேன், எலும்பில்லாத நாக்கு திரையில் தெரியாது என்று அப்போது எனக்குத் தெரியாது. கைவிரல்களைப் பிரித்து மடக்கி, குரைக்கிற நாய் செய்து காட்டினேன். வக்கீல் மாமி அலறிக்கொண்டு எழுந்து, கதவு என்று நினைத்து அலமாரிக்குள் நுழையப் பார்த்தாள். டாக்டர் சிரித்தார். டாக்டர் மாமி சிரிக்கவில்லை.

"இது கொலுவா, சுடுகாடா? எறக்குங்கோ அவனை."

இறக்கினார்கள். கையில் ஒரு பிடி சுண்டலைத் திணித்து, வெளியே தள்ளி, "போய் ஒங்க அக்காவைக் கூட்டிண்டு வாடா. அவதான் கொழந்தை" என்றாள் மாமி.

என் கெட்ட பெயர் என் ஆயுளில் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. வீடுவரை நாய் மாதிரி குரைத்துக்கொண்டே போய், "அக்கா, நீ வரணுமாம்" என்று சொன்னேன்.

அக்கா அந்த முக்காலியில் ஏறி நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள். டாக்டர் ஒரு சிறு கோலை வைத்து, "இது தோள்பட்டை, இது விலா, இதோ கீழே கறுப்பா இருக்கே, ஈரல்" என்று காட்டினார். பெண்கள் கைகூப்பினார்கள். நடுவில் அவள் இருதயம். நான் முன்வரிசையில், யாரோ ஒரு மாமியின் முழங்காலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். மூடிய கைக்குள் ஒரு குருவியைப் பிடித்தால் அது எப்படித் திமிறுமோ அப்படித் திமிறிக்கொண்டிருந்தது அது. வெளியே ஆண்டாள், உள்ளே குருவி. அவளிடம் அசைகிற பொருள் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவ்வளவில் மெஷினை நிறுத்தியிருந்தால் இந்த முதுகைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் கொலுவுக்கு வந்தால் பாடவேண்டுமே. எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். வந்தவளைப் பாடச் சொல்லாவிட்டால் வீட்டுக்காரிக்கு இழுக்கு. சொன்னவுடன் பாடிவிட்டால் பாடுகிறவளுக்கு இழுக்கு. "தொண்டை கட்டிண்டிருக்கு", "எனக்கென்ன தெரியும்", "ரெண்டு வரி பாடுங்கோளேன்" என்று இழுபறி நடக்கும். அந்த இருட்டிலும் நடந்தது. இழுபறி நடக்கும்போதும் மெஷின் ஓடியது. பிறகு யாராவது பாடுவார்கள். ஒருத்தி பாடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவதோ விளக்கைப் போடுவதோ மரியாதை இல்லை. சரணம் முடியும்வரை டாக்டர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சீமையில் படித்தவர், மரியாதை தெரிந்தவர்.

இரண்டாம் நாள் யாரோ ஒரு மாமி, பாட்டின் தாளத்துக்குக் குழந்தையின் இருதயம் சேர்கிறதா என்று கேட்டுவைத்தாள். அப்புறம் கேட்கவேண்டுமா? ஒவ்வொருத்தியும் தன் பாட்டுக்குச் சேர்கிறது என்று சாதித்தாள். மெதுவாகப் பாடினார்கள், வேகமாகப் பாடினார்கள். வக்கீல் மாமிக்குத் தோடியில் ஒரு நீளமான பாட்டு தெரியும். சரணங்கள் உள்ள பாட்டு. அதில் ஒரே வரியைப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவாள். பத்தில் ஏழு ஒன்றுபோலவே இருக்கும். தன் ரயிலைத் தோற்கடித்த கொலுவில் தன்னுடைய பாட்டாவது ஜெயிக்கவேண்டும் என்று தினமும் வந்தாள், தினமும் பாடினாள். அவள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் மெஷின் பொரிவது கேட்கும், நல்ல பக்கவாத்தியம் மாதிரி.

சரஸ்வதி பூஜையன்று அக்காவுக்குக் குடிக்கச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு மருந்துக் கஞ்சி கொடுத்து, அது தொண்டையிலிருந்து வயிற்றுக்கு இறங்குவதைக் காட்டினார்கள். மாமிகள் அதற்குப் பாயசம் என்று பெயர் வைத்தார்கள். ஊரில் அந்த வருஷம் ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. விஜயதசமியன்று டாக்டர் மாமி அக்காவுக்கு அரக்குப் பட்டில் ஒரு ரவிக்கையும் பாவாடையும் கொடுத்தாள். அக்கா அதை உடுத்திக்கொண்டு யானை ஊர்வலம் பார்க்க வந்தாள். அங்கேயும் அசையாமல்தான் நின்றாள், ஆனால் முதுகைச் சுவரில் சாய்க்கவில்லை. "ரவிக்கை குத்தறது" என்றாள்.

முதுகில் தோள்பட்டைகளுக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அரித்தது. பிறகு தோல் உரிந்து நீர் வடிந்தது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை: கண் பட்டுவிட்டது. மிளகாய், உப்பு, ஆரத்தி எல்லாம் சுற்றிப் போட்டாள். கேள்விப்பட்டு அதே மாமிகள் விசாரிக்க வந்தார்கள். அதே ஜமக்காள வரிசையில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"மொளகா போறாது" என்றாள் வக்கீல் மாமி. "மேல பட்ட கண்ணா இது? உள்ளே எறங்கின கண்ணு. ஈரல்ல விழுந்திருக்கு. அதுக்கு வேற பண்ணணும்."

"யாரோட கண்ணோ" என்றாள் இன்னொருத்தி பெருமூச்சோடு. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் வந்தார். அவர் கண்ணேறை நம்புகிறவர் இல்லை, விஞ்ஞானம் படித்தவர். முதுகை உற்றுப் பார்த்துவிட்டு, "பட்டுச் சாயம்" என்று தீர்ப்பு சொன்னார். அந்த ரவிக்கையை அம்மா அடுப்பில் போட்டாள். களிம்பு கொடுத்தார். ஆறவில்லை. புண் எலும்புவரை போயிருக்கிறதா என்று தெரியவேண்டுமே என்று அக்காவை மறுபடி அந்த அறைக்குக் கூட்டிப்போய், பின்பக்கமிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தார். இரண்டாவது தகடு சரியாக விழவில்லை என்று மூன்றாவது. "இவளை மாதிரி நிக்கற கொழந்தை எனக்குக் கெடைக்கவே கெடைக்காது" என்று அப்பாவிடம் தழுதழுத்தார். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னார். இருவருக்கும் கண் நிறைந்தது. எலும்பில் ஒன்றும் இல்லை என்று படம் காட்டியது. வாஸ்தவம்தான், படத்தில் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை.

வருஷம் திரும்புவதற்குள் புண் ஒருவாறு மூடியது. அந்த இடத்தில் தோல் வழவழவென்று, காய்ச்சின பால் ஆடை மாதிரி இருந்தது. அதில் பழுப்பும் சிவப்புமாக நூல் நூலாக நரம்பு ஓடியது. அப்போது டாக்டர் மாமி குங்குமச் சிமிழோடு மறுபடி வந்தாள்.

அம்மா உள்ளே போய் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். "வேண்டாம்னா. முதுகு இப்பத்தான் ஆறியிருக்கு."

"வருஷம் பூரா வந்து வைத்தியம் பாத்தார். ஒரு வார்த்தை கணக்குப் பேசலை. இப்ப எப்படி இல்லேங்கறது?"

"அதே எடத்துல திரும்பக் கண்ணு பட்டுதுன்னா?"

"திருஷ்டிப் பொட்டு பெரிசா வை."

நான் நடுவில் புகுந்து, "நான் போறேன். இந்தத் தடவை அசைய மாட்டேன்" என்றேன். எனக்கு அக்காவின் முதுகைப் பற்றிப் பயம் வந்திருந்தது. தினமும் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவள் குப்புறப் படுத்து அழுவதைக் கேட்டவன் நான்தான். நிரூபிப்பதற்காகக் கூடத்தின் நடுவில் போய் விறைத்து நின்றேன். டாக்டர் மாமி, அம்மா, அப்பா, அக்கா எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் மூக்கு அரித்தது. பிறகு ஒரு கால். பிறகு, பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அது விக்கலாக வந்தது.

"கொரங்கைக் கொலுவுல வைப்பாளோ?" என்றாள் டாக்டர் மாமி. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

"நானே போறேன்மா" என்றாள் அக்கா. "எல்லாரும் என்னைத்தானே பாக்க வருவா."

அவளுக்குப் பதினொரு வயது. மைசூரில் நல்ல குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்காக இருட்டில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்தார்கள். யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்திருந்ததே, அந்த ஒரு நாள்.

அந்த வருஷம் போன வருஷத்தைவிடக் கூட்டம். பாட்டும் அதிகம். வக்கீல் மாமி தோடிக்கு முன்னால் ராகமும் சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் புண் மூடவே இல்லை.

வளர்கிற வயது. உடம்பு ஒரு பக்கம் வளர்ந்தது, முதுகெலும்பு அந்த இடத்தில் வளர மறந்தது. ஒரு தோள் இறங்கிவிட்டது. நாற்காலியில் சாய முடியாது, மல்லாந்து படுக்க முடியாது. கொஞ்ச நேரத்துக்கு மேல் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து நடப்பாள், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மறுபடி நடப்பாள். "ஒங்கிட்டேர்ந்து ஒட்டிண்டுடுத்துடா" என்பாள் என்னிடம். நாங்கள் இருவரும் கூடத்தில் எதிரும் புதிருமாக நடந்துகொண்டிருப்போம். ஒருவன் கொழுப்பெடுத்து, ஒருத்தி வலியெடுத்து.

டாக்டருக்கும் விரல்கள் வெடித்து நகங்கள் கறுத்தன. தகடு கழுவுகிற மருந்து என்றார். பிறகு மதராஸுக்குப் போய் வலது கையில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்துக்கொண்டு வந்தார்; அதாவது எடுக்கவைத்துக்கொண்டு வந்தார். "நகம் வெட்டற வேலை கொஞ்சம் மிச்சம்" என்று எனக்குக் கையைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் வேறு பாஷை தெரியாது.

கடைசியில் அப்பா அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். நானும் அம்மாவும் கூடப் போனோம். அங்கே ஓர் இளம் டாக்டர், மீசைகூட சரியாக முளைக்காதவர், முதுகைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். பிறகு எல்லாம் கேட்டார். அம்மா கொலுவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.

"மெஷின் முன்னாடி எவ்வளவு நேரம் நிறுத்தினா?"

"நேரமெல்லாம் யார் பாத்தா? ஒரு நாளைக்கு மூணு பாட்டு, நாலு பாட்டு இருக்கும்."

"பாட்டா?"

"வக்கீல் மாமி வந்தா தோடி."

"தோடின்னா எவ்வளவு நேரம், மாமி?"

அம்மா யோசித்தாள். "அது யார் பாடறாங்கறதைப் பொறுத்தது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது நெலா வெளிச்சம் இல்லை, மாமி. நெருப்பு. அன்னிக்கே சுட்டாச்சு. வலி மட்டும் பின்னாடி வரும். பெரியவாளைவிடக் கொழந்தைகளைப் பலமாச் சுடும். வளர்ற ஒடம்பு பாருங்கோ. ஒரு தடவை, நோய்க்காக, தேவைன்னு பாக்கறது வேற. இது…" என்று நிறுத்தினார். "யார் இந்த டாக்டர்?"

அப்பா பெயரைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அம்மா, "அவர்ட்ட சொல்ல வேண்டாமா?" என்றாள்.

"அவர் கையைப் பாத்தியோல்லியோ? அவருக்கு நாம என்னத்தைச் சொல்றது?" என்றார் அப்பா.

அக்கா ஜன்னல் ஓரத்தில், இருக்கையில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்ப திருஷ்டி இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் மாமிதான் வரன் கொண்டுவந்தாள். யாரும் அவளிடம் பெங்களூர் பேச்சை எடுக்கவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். சாமராஜநகரில் பள்ளிக்கூட வாத்தியார், அவளுக்குத் தூரத்து உறவு. பையனின் அம்மா அந்த நாளில் கொலுவுக்கு வந்தவள்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு எண்ணம். இந்த இடம் தவறினால் வேறு இடம் வராது, அவர்கள் பெண்ணின் முதுகைப் பார்க்கக்கூடாது. காலையிலேயே புண்ணுக்குத் தடிமனாகக் கட்டு போட்டாள். கழுத்துவரை ஏறிய ரவிக்கை தைத்து வாங்கியிருந்தாள். ஜமக்காளத்தைச் சுவரோரமாகப் போட்டு, "சுவத்துக்கு முதுகைக் காமிச்சுண்டே உக்காரு. திரும்பாதே. அசையாதே. அது ஒனக்குத் தெரியாததா?" என்றாள். அக்கா சரி என்றாள். நான் தலைப்பைச் சரிசெய்ய உதவியபோது, "கட்டு நனைஞ்சா எங்கிட்ட சொல்லாதே" என்றாள் காதோடு.

வந்தார்கள். பையன், அவன் அம்மா, கூட டாக்டர், டாக்டர் மாமி. அழைக்காமலே வக்கீல் மாமி. அக்கா சுவரோரம் உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் கழித்து மறுபடி அந்த ஆண்டாள். ஒரு தோள் மட்டும் கொஞ்சம் இறங்கின ஆண்டாள்.

"பொண்ணை எனக்குப் புதுசாப் பாக்கணுமா என்ன?" என்றாள் பையனின் அம்மா. "உள்ளும் புறமும் பாத்தாச்சே."

டாக்டர் மாமி சிரித்தாள். வேறு யாரும் சிரிப்பதற்குள் பையனின் அம்மா தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இவளுக்கு ஒரு விலா எலும்பு கொறைச்சல்னு ஊர்ல ஒரு பேச்சு."

அம்மா சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா?"

பையனின் அம்மா பக்கவாட்டில் பார்த்தாள். வக்கீல் மாமி விசிறியை வேகமாக வீசினாள். "நான் எண்ணினேன்" என்றாள். "அப்ப இருட்டு. ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கும்."

"எல்லாம் சரியா இருக்கு, நான் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். துண்டைக் கையின் மேல் போட்டு மறைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, போகட்டும். பொண்ணு ஒரு பாட்டு பாடட்டும்" என்றாள் பையனின் அம்மா.

அக்கா நிமிர்ந்தாள். "பெருமாளைப் பாத்துண்டு பாடறேன், மாமி" என்றாள். அம்மா தடுப்பதற்குள், சுவரிலிருந்து எழுந்து, மறுபக்கத்துப் பெருமாள் அலமாரியைப் பார்க்கத் திரும்பி, அவர்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ரவிக்கையில் ஏற்கனவே ஓர் ஈரப்புள்ளி இருந்தது.

தோடியை எடுத்தாள். அந்தப் பாட்டை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முக்காலியில் நின்று கேட்டே வந்தது. வக்கீல் மாமி எங்கெங்கே மூச்சு வாங்குவாளோ அங்கெல்லாம் இவளும் வாங்கினாள். அவள் எங்கே சுருதி விடுவாளோ அதையும் விடாமல் விட்டாள். அந்த ஒரே வரியைப் பத்து விதமாக, அதில் ஏழு ஒன்றுபோலவே, பாடினாள். புள்ளி உள்ளங்கை அளவு ஆயிற்று. களிம்பு வாடையும் வேறொரு வாடையும் கூடத்தில் எழுந்தன. பையன் தரையைப் பார்த்தான். அவன் அம்மா தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோனாள். வக்கீல் மாமியின் விசிறி நின்றுவிட்டது. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பது? பாடிக்கொண்டிருக்கிறாளே.

டாக்டர் பழக்கதோஷத்தில் தாளம் போட்டார். துண்டு நழுவிவிட்டது. தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று எண்ணவேண்டும். முதல் இரண்டுக்கும் விரல் இருந்த இடத்தை வைத்துத் தொட்டார். கணக்குத் தவறவில்லை. அவர் கண் அந்த ரவிக்கையை விட்டு நகரவே இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பலே" என்றேன், கச்சேரியில் சொல்வதுபோல உரக்க. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி புகையாகிவிட்டேன். அக்காவின் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அவள் சிரித்தாள் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஈரம் இடுப்புவரை இறங்கியது. பாட்டு ஓர் இடத்தில் வந்து நின்றது. பையனின் அம்மா உடனே ஒரு கையைத் தரையில் ஊன்றி, பாதி எழுந்தாள்.

"நன்னாப் பாடறாள். முடிஞ்சுதாம்மா?"

அக்கா திரும்பவில்லை, அசையவில்லை.

"இன்னும் ஒரு சரணம் இருக்கு, மாமி" என்றாள். "உக்காருங்கோ."

பையனின் அம்மா உட்கார்ந்தாள். தட்டுகளில் சொஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் அடுத்த ஆவர்த்தத்துக்குத் தொடையில் தட்டினார். அக்கா சரணத்தை எடுத்தாள், மெதுவாக.